கடைக் கணக்கும் தர்மக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

தொழில் நடத்திக்கொண்டே கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பணிகளிலும் ஊர்ப் பொதுக்காரியங்களிலும் ஈடுபட்டிருக்கும் வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். வருமான வரி பற்றிச் சொல்லும் இடங்களில் பழகிப்போன பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறோம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பிரிவு எண்ணும் படிவ எண்ணும் உங்கள் ஆடிட்டர் காட்டும் தாளில் வேறாக இருக்கலாம்.

சொந்தப் பெயரில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். கோயில் விசேஷம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, அன்னதானம் என்று யார் வந்து கேட்டாலும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். வருஷக் கடைசியில் கணக்கு உதைக்கிறது. எவ்வளவு கொடுக்கலாம், எப்படி எழுதி வைப்பது?
– வாசகி, ஈரோடு

கொடுப்பதில் தவறில்லை, எடுக்கும் இடம்தான் தவறு. சாயங்காலம் கல்லாவில் கிடக்கும் பணத்தில் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி., வாடகை, சம்பளம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அதிலிருந்து கொடுக்கும்போது யாருடைய பணத்தைக் கொடுக்கிறோம் என்பதே தெரியாது.

நம் வணிகர்களிடம் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு: மகமை. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி வைத்து, பொதுக்காரியத்துக்குத் தனியாக எடுத்து வைப்பது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகக் குழுவினர் எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு வசூலித்துக் கோயிலுக்குத் தர வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்திலும், வீட்டுப் பெண்கள் தினமும் ஒதுக்கிய பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளி. கேட்டு வந்த முகத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

இனி உங்கள் கடைக்கு வருவோம். விற்பனையில் ஒதுக்குவதா, லாபத்தில் ஒதுக்குவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதம் 4 லட்சம் விற்று 8 சதவீதம் நிகர லாபம் நின்றால் 32,000 ரூபாய். விற்பனையில் 1 சதவீதம் என்றால் 4,000. அதாவது லாபத்தில் எட்டில் ஒரு பங்கு. தாங்கும். ஆடித் தள்ளுபடியில் 6 லட்சம் விற்கிறது, லாபம் 3 சதவீதமாக இறங்கி 18,000தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1 சதவீதம் இப்போது 6,000, லாபத்தில் மூன்றில் ஒன்று. கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் மாதத்தில்தான் கை கடிக்கும். ஏன் என்றும் புரியாது. ஜவுளி, மளிகை மாதிரி லாப விகிதம் ஏறி இறங்கும் தொழில்களுக்கு லாபத்தின் மேல் ஒதுக்குவதே சரி. மாதாமாதம் தோராய லாபத்துக்கு வரும் ஒதுக்கீட்டில் பாதியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மார்ச் முடிந்து கணக்கு முடித்தபின் மீதியைச் சேர்த்துவிடலாம்.

ஒதுக்கிய பணத்துக்கு உங்கள் பெயரிலேயே தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கடைக் கணக்கிலிருந்து மாதம் ஒரே ஒரு முறை அங்கே மாற்றுங்கள். கடைப் புத்தகத்தில் அது 'சொந்தச் செலவுக்கு எடுத்தது' என்ற தலைப்பில் உங்கள் முதல் (மூலதன) கணக்கில் கழியும். கடைச் செலவாக எழுதக் கூடாது. கோயில் நன்கொடை தொழிலுக்காக மட்டுமே ஆன செலவு ஆகாது என்பதால் வரிக் கணக்கில் அதை ஏற்கமாட்டார்கள். கும்பாபிஷேக மலரில் கடை விளம்பரம் கொடுத்து, ரசீதிலும் விளம்பரக் கட்டணம் என்றே எழுதி வாங்கினால் அது விளம்பரச் செலவு. நன்கொடை ரசீதை வைத்துக்கொண்டு விளம்பரம் என்று எழுதினால் நிற்காது.

கடைச் சரக்கையே கொடுப்பவர்கள் தவறும் இடம் ஒன்று. கொள்முதல் விலை 400 ரூபாய் வீதம் 50 சேலைகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தால், 20,000 ரூபாய்ச் சரக்கு இருப்பில் குறைய வேண்டும். அதை வாங்கும்போது கட்டிய 5 சதவீத ஜி.எஸ்.டி. 1,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்திருப்பீர்கள். இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு அந்த வரவு கிடையாது. அந்த மாதத்துத் தாக்கலில் திருப்பிக் காட்ட வேண்டும். ஆக உங்கள் கணக்கில் கழிய வேண்டியது 21,000. இதைச் செய்யாமல் விட்டால் வருஷக் கடைசியில் இருப்புக்கும் புத்தகத்துக்கும் ஒட்டாது. உங்கள் கணக்கு உதைப்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லவும் இந்த ஏற்பாடு உதவும். "இந்த மாத ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் குடும்ப நிறுவனத்தில் குலதெய்வத்தையும் ஒரு பங்குதாரராகப் பத்திரத்தில் சேர்க்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பங்குதாரர் என்றால் கையெழுத்துப் போட வேண்டும், நஷ்டத்திலும் பங்கேற்க வேண்டும். சாமியை அந்த வம்பில் இழுக்காதீர்கள். நிகர லாபத்தில் இத்தனை சதவீதம் தர்ம காரியத்துக்கு ஒதுக்கப்படும் என்று ஒரு விதியாக எழுதிக்கொண்டால் போதும். எழுதிவிட்டதாலேயே அந்தப் பகுதிக்கு வரி விலகிவிடாது. லாபத்துக்கு வரி கட்டியபின் கொடுப்பதாகவே கணக்குப் போடுங்கள்.

80ஜி ரசீது இருந்தால் கொடுத்த பணம் முழுவதும் வரியில் கழியும் என்கிறார்களே?
– வாசகி, திருப்பூர்

80ஜி என்பது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு. மூன்று தவறான எண்ணங்கள் இந்தக் கேள்வியில் சேர்ந்திருக்கின்றன.

கழிவது வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து. அனுமதி பெற்ற ஓர் அறக்கட்டளைக்கு 40,000 ரூபாய் கொடுத்தால் பொதுவாக அதில் பாதி, 20,000, வருமானத்தில் குறையும். நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால் மிச்சமாவது 4,000 ரூபாய், அதற்கான செஸ் தனி. கழிவுக்குத் தகுதியான நன்கொடைக்கும், வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு.

இரண்டாவது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான்.

மூன்றாவது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அரிசி, துணி, மருந்து போன்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. கையால் எழுதிய ரசீதும் இப்போது போதாது. நன்கொடை வாங்கிய அமைப்பு ஆண்டு முடிந்து மே 31க்குள் துறைக்கு விவரம் தாக்கல் செய்து, அதிலிருந்து இறக்கிய சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். 10பிஇ என்று பழகிய சான்றிதழ் அதுதான். கொடுக்கும்போதே உங்கள் பான் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாத அமைப்பிடமிருந்து அது வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் பயன்படும் அமைப்புக்கு 80ஜி அனுமதி கிடைக்காது. ஆகவே தெருமுனைப் பிள்ளையார் கோயில் திருப்பணிக் குழு அந்த ரசீதை நீட்டினால், எண்ணைக் குறித்துக்கொண்டு வருமான வரித்துறை இணையதளத்தில் சரிபாருங்கள். கலை, தொல்லியல் சிறப்போ பெரும் புகழோ உள்ள வழிபாட்டுத் தலங்களில் சிலவற்றைப் புதுப்பிக்க அரசு தனியாக அறிவிக்கை செய்திருக்கும். அவை மட்டும் விதிவிலக்கு.

பங்குனி உத்திரத்தன்று கடை சார்பில் 300 பேருக்கு அன்னதானம். வீட்டில் பத்துப் பேருக்குச் சமைத்த அனுபவம்தான். அளவு, நேரம், எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, பழநி

முதல் தடவை என்றால் பட்டியலைச் சுருக்குங்கள். சர்க்கரைப் பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். இவ்வளவே வயிறு நிறையப் போதும்.

நூறு பேருக்கு அளவு இப்படி: சாம்பார் சாதத்துக்குப் பச்சரிசி 6 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, காய்கறி 4 முதல் 5 கிலோ, புளி 400 கிராம், எண்ணெயும் நெய்யுமாக முக்கால் லிட்டர். தயிர் சாதத்துக்கு அரிசி 4 கிலோ, பால் 6 லிட்டர், தயிர் 3 லிட்டர். சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி 2 கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, வெல்லம் மூன்றரை கிலோ, நெய் முக்கால் கிலோ. முந்நூறு பேருக்கு அரிசியையும் பருப்பையும் மூன்று மடங்காக்குங்கள். புளி, உப்பு, காரப்பொடி மூன்றையும் இரண்டரை மடங்கோடு நிறுத்தி, ருசி பார்த்தபின் கூட்டுங்கள். முதலிலேயே மூன்று மடங்கு போட்டு உப்பும் புளிப்பும் தூக்கலாகிவிட்டால், எடுக்க வழியில்லை.

சாம்பார் சாதத்தில் புளித்தண்ணீரைப் பருப்பும் அரிசியும் குழைந்தபின் ஊற்ற வேண்டும். முன்கூட்டியே ஊற்றினால் புளிப்பு பருப்பை வேகவிடாது; இரண்டு மணி நேரம் எரித்தாலும் பருப்பு நறுக்கென்று நிற்கும். புளி சேரும் பண்டத்தை அலுமினிய அண்டாவில் வைக்காதீர்கள், எவர்சில்வரோ ஈயம் பூசிய பித்தளையோ வாடகைக்கு எடுங்கள். இந்தச் சாதம் நேரம் ஆக ஆக இறுகும். பக்கத்து அடுப்பில் பத்து லிட்டர் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். இறுகியபோது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசியும் போகும், சீக்கிரம் கெட்டும்போகும்.

அன்னதானத்தில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் தயிர் சாதம்தான், பழி மட்டும் சாம்பார் மேல் விழும். முதல் நாள் இரவே சோறு வடித்து ஆழமான அண்டாவில் மூடி வைப்பதே காரணம். நடுவில் உள்ள சோறு ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் அன்று காலையிலேயே வடியுங்கள். சூட்டோடு மசித்துக் காய்ச்சிய பாலை ஊற்றி, அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவிடுங்கள். தயிரைப் பரிமாறுவதற்கு அரை மணி முன்பு சேர்த்தால் போதும். சூட்டில் தயிர் ஊற்றினால் திரிந்து நீர்விடும், ஒரு மணிக்குள் புளித்தும்விடும்.

நேரம்: பந்தி பகல் 12 மணிக்கு என்றால் காலை 6 மணிக்குள் காய் நறுக்கி முடித்திருக்க வேண்டும், 7க்கு அடுப்பு, 11க்கு எல்லாம் இறங்க வேண்டும். சூடான பண்டம் பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. கை வைத்தால் தாங்க முடியாத சூடு. இறக்கி வைத்து நாலு மணி நேரம் கடந்ததை யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள். "வீணாகப் போகிறதே" என்று சாயங்காலம் பொட்டலம் போட்டுக் கொடுப்பதில்தான் அன்னதானம் ஆஸ்பத்திரியில் முடிகிறது. ஒவ்வொரு பண்டத்திலும் கால் கிலோ மாதிரி எடுத்து, மூடி, தேதி எழுதிக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்திருங்கள். ஏதாவது புகார் வந்தால் அது உங்களைக் காப்பாற்றும்.

19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று, கூட ஒன்று கையிருப்பு. வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது விதிமீறல். தட்டுக்குப் பாக்கு மட்டை, தையல் இலை, வாழை இலை ஏதேனும் ஒன்று. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மோரில் போட ஐஸ் கட்டி வாங்கினால், மீன் வண்டிக்கு வெட்டித் தரும் பாளக்கட்டி வேண்டாம், அது குடிதண்ணீரில் செய்ததாக இருக்காது.

இலவசம்தானே, அனுமதி எதற்கு என்று நினைக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் உணவு வழங்குவோர் எல்லாருக்கும் பொருந்தும். பதிவுச் சான்று வைத்திருக்கும் சமையற்காரரை அமர்த்துவது சுலபமான வழி. எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். திருவண்ணாமலை தீபம், மதுரை சித்திரைத் திருவிழா போன்ற பெருங்கூட்ட நாள்களில் அனுமதி இல்லாமல் பரிமாறவே விடமாட்டார்கள்.

ஊழியர்கள் எல்லாரிடமும் மாதம் 100 ரூபாய் பிடித்து ஆயுத பூஜைக்கும் சேவைக்கும் சேர்க்கிறோம். சரிதானா?
– வாசகி, கோவை

சரியில்லை. சட்டம் அனுமதித்த பிடித்தங்கள் தவிர வேறு எதையும் சம்பளத்தில் கை வைத்து எடுக்கக் கூடாது. முதலாளி கேட்டு ஊழியர் "சரி" என்பதைச் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, வேறு மதத்தைச் சேர்ந்தவர் என்றால் இன்னும் சங்கடம். பூஜைச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். விரும்பியவர் போட ஓர் உண்டியல் வையுங்கள், யார் போட்டார் என்று பார்க்காத இடத்தில். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போடாத கடை எந்தத் தர்மத்தில் இறங்குவதையும் நாம் மெச்சுவதில்லை.

சொந்தமாகத் தையலகமும் துணிக்கடையும் வைத்திருக்கிறேன். ஜகாத்தைக் கடைச் சரக்குக்கு எப்படிக் கணக்கிடுவது? கடையில் வேலை பார்க்கும் ஏழைப் பெண்ணுக்கே கொடுக்கலாமா?
– வாசகி, கீழக்கரை

வணிகம் செய்த, நபிகள் நாயகத்தின் மனைவி கதீஜா நாயகியைச் சொல்லி வளரும் சமூகத்தில் இந்தக் கேள்வி பெண்களிடமிருந்து இன்னும் அதிகமாக வர வேண்டும்.

ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கு. அதற்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், பலர் ரமலானில் ஒரு நாளை வைத்துக்கொள்கிறார்கள். அன்று விற்பனைக்கு உள்ள துணியின் அன்றைய மதிப்பு, கையிலும் வங்கியிலும் உள்ள பணம், நிச்சயம் வந்துசேரும் பாக்கி மூன்றையும் கூட்டுங்கள். மொத்த வியாபாரிக்கு உடனே தர வேண்டியதைக் கழியுங்கள். தையல் இயந்திரம், அலமாரி, கட்டடம், வண்டி இவற்றுக்குக் கிடையாது. விற்பதற்காக வைத்திருப்பவைக்கு மட்டுமே. சரக்கு 9 லட்சம், பணம் 2 லட்சம், வரவேண்டியது ஒன்றரை லட்சம், தரவேண்டியது மூன்றரை லட்சம் என்றால் மீதி 9 லட்சம். அதில் இரண்டரை சதவீதம், 22,500 ரூபாய். இரண்டரை சதவீதம் என்பது சந்திர ஆண்டுக்கு. ஏப்ரல்–மார்ச் கணக்கை வைத்தே கொடுப்பவர்கள் 11 நாள் கூடுதலாவதால் 2.577 சதவீதம் என்று கணக்கிட வேண்டும். அப்போது 23,193 ரூபாய்.

கடமையாகும் குறைந்த அளவு தங்கத்தில் சுமார் 11 பவுன், வெள்ளியில் 595 முதல் 612 கிராம் என்று சொல்லப்படுகிறது. வெள்ளி அளவை எடுத்தால் சிறு கடைக்காரரும் வரம்புக்குள் வந்துவிடுவார். அணிந்திருக்கும் நகைக்கு உண்டா, கடனைக் கழிக்கலாமா என்பவற்றில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே (மார்க்கச் சட்ட மரபுகள்) வேறுபாடு உண்டு. உங்கள் ஜமாத் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) ஒருமுறை தெளிவாகக் கேட்டு, அதையே ஆண்டுதோறும் பின்பற்றுங்கள். வராத பாக்கி என்று எழுதி வைத்தது பிறகு வந்தால், வந்தபோது கொடுத்துவிடலாம்.

ஊழியர் தகுதியுள்ள ஏழை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கூலிக்கோ பெருநாள் போனசுக்கோ பதிலாகக் கொடுத்தால் அது ஜகாத் ஆகாது. உங்கள் கடனை உங்கள் ஜகாத்தால் அடைத்ததாகிவிடும். போனசைக் கொடுத்து, இரண்டு நாள் இடைவெளி விட்டு இதைத் தனியாகக் கொடுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது, அவர்களைக் காப்பது ஏற்கெனவே உங்கள் கடமை.

கடை லாபத்திலிருந்து ஏழைப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி தருகிறேன். டிரஸ்ட் பதிவு செய்யலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் டிரஸ்ட் தேவையா என்று பாருங்கள். சொந்தப் பணத்தில் மட்டும் செய்கிறீர்கள், வெளியாரிடம் வாங்கும் எண்ணமில்லை என்றால் தேவையில்லை. தனிக் கணக்கு போதும். மற்றவர்கள் பணம் தர வரும்போதும், உங்களுக்குப் பிறகும் நடக்க வேண்டும் என்னும்போதும்தான் டிரஸ்ட் பொருந்தும். சங்கமாகப் பதிய வேண்டுமானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். தேர்தல், பொதுக்குழு எல்லாம் உண்டு. சிறு அளவில் தொடங்குபவருக்கு டிரஸ்ட்டே லேசு.

பத்திரம் எழுதுவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. எழுத்தர் கையில் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். அதில் இவை இருக்கிறதா பாருங்கள்: நோக்கங்கள்; சாதி, மத வேறுபாடின்றிப் பயன் என்ற வாசகம்; அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார் நியமிப்பது; கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர்; வங்கியில் எந்த இருவர் கையெழுத்து; டிரஸ்ட்டைத் திரும்பப் பெற முடியாது என்ற வாசகம்; கலைக்க நேர்ந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்கே போகும் என்ற வாசகம். கடைசி இரண்டும் விடுபட்டால் வரி விலக்குப் பதிவு கேட்கும்போது இடிக்கும், பிறகு திருத்தப் பத்திரத்துக்கு அலைய வேண்டும். நோக்கங்களில் பயிற்சியோடு கோயில் திருவிழாவையும் சேர்த்து எழுதினால் 80ஜி சிக்கலாகும். மொத்த வருமானத்தில் 5 சதவீதம் வரைதான் மதக் காரியத்துக்குச் செலவிட வருமான வரித்துறையினர் விடுவார்கள். கோயில் பணியை உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு, டிரஸ்ட்டைப் பயிற்சிக்கு மட்டும் வைப்பதே நல்லது.

சிறு தொகையை மூலதனமாக வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிந்தபின், டிரஸ்ட் பெயரில் பான் எண், பிறகு வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித்துறை இணையதளத்தில் 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி பதிவு. செயல்பாடு தொடங்காத புதிய டிரஸ்ட்டுக்கு 3 ஆண்டுத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். நிறைய பேர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த படியில். செயல்பாடு தொடங்கி 6 மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போதே, எது முதலில் வருகிறதோ அப்போது முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "மூணு வருஷம் இருக்கே" என்று சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறந்துபோகிறார்கள்.

அதன்பின் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். உங்கள் மாதிரி வணிகப் பெண்கள் சறுக்கும் இடத்தை அழுத்திச் சொல்கிறோம்: டிரஸ்ட் பணத்தைக் கடைக்குக் கைமாற்றாக எடுக்கவே கூடாது, தீபாவளிச் சரக்குக்குப் பத்து நாள் என்றாலும் கூட. நிறுவியவரோ அவர் உறவினரோ பயனடைந்தால் வரி விலக்குக்கே ஆபத்து. பயிற்சிக்குத் துணியும் நூலும் உங்கள் கடையிலிருந்தே வாங்குவதானால், வேறு இரண்டு கடைகளின் விலைப்பட்டியலை வாங்கிக் கோப்பில் வைத்து, உங்கள் விலை அதைவிடக் கூடாமல் பாருங்கள். கடை மாடியை டிரஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுவதும் அப்படியே. வாடகை வாங்காமல் விடுவது இன்னும் நிம்மதி.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி எங்கள் டிரஸ்ட்டுக்குப் பணம் அனுப்பலாமா?
– வாசகி, நாகர்கோவில்

தம்பியின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; அவருடைய இந்திய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பொதுவாக 3 ஆண்டு செயல்பாடும் அந்த 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்டினால்தான் அந்தப் பதிவே கிடைக்கும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி டிரஸ்ட்டுக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

தொழிலும் பக்தியும் ஒன்றாக நடத்திக் காட்டிய பெண் யாராவது சரித்திரத்தில் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

வேதாகமத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் இருக்கிறாள். பிலிப்பி நகரில் பவுலுக்கும் உடன் வந்தவர்களுக்கும் தன் வீட்டில் இடம் கொடுத்தவள். ஆனால் கணக்கு வழக்கோடு கற்றுக்கொள்ள வேண்டுமானால் கல்கத்தாவின் ராணி ராசமணியைப் படியுங்கள். 1793இல் பிறந்தவர், 1836இல் கணவர் இறந்தபின் ஜமீன் நிர்வாகத்தையும் கொடுக்கல் வாங்கலையும் தானே ஏற்றார். கங்கையில் மீன்பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி வரி போட்டபோது, ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, குறுக்கே சங்கிலி கட்டினார் என்பது அவரைப் பற்றிப் பிரபலமாகச் சொல்லப்படுவது. கப்பல் நின்றது, கம்பெனி இறங்கி வந்தது.

1855 மே 31இல் தட்சிணேசுவரம் காளி கோயிலைக் குடமுழுக்குச் செய்தார். ராமகிருஷ்ணர் பூசை செய்த கோயில் அதுதான். ராசமணியின் சாதியைச் சொல்லி அந்தணர்கள் பூசைக்கு வர மறுத்தபோது, கோயிலை ஓர் அந்தணர் பெயரில் எழுதிக் கொடுத்து அந்தத் தடையைத் தாண்டினார். கோயிலை அந்தரத்தில் விடாமல் அதே ஆண்டில் தினாஜ்பூரில் நிலம் வாங்கி அதன் வருமானத்தைப் பூசைச் செலவுக்கு ஒதுக்கினார். இத்தனை கவனமானவரும் ஒன்றைத் தள்ளிப்போட்டார்: அந்த நிலத்தைக் கோயிலுக்கு முறையாக எழுதி வைக்கும் சாசனத்தில் அவர் கையெழுத்திட்டது 1861 பிப்ரவரி 18இல். மறுநாள் இறந்துபோனார். மகள்களில் ஒருவர் கடைசிவரை அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. கட்டளை எழுத நினைப்பவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசி எழுதிவிடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அறநிலையத்துறைக் கோயிலுக்குச் சொந்தமான கடையில் 12 ஆண்டாக வாடகைக்கு இருக்கிறேன். அந்தக் கோயில் அறங்காவலர் குழுவில் பெண் உறுப்பினராக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். கருவறை முன்மண்டபத்துக்கு உபயமாக டைல்ஸ் போட்டுத் தரவும் ஆசை.
– வாசகி, திருநெல்வேலி

குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தில், அந்தக் கோயில் சொத்தில் குத்தகையோ அதனோடு ஒப்பந்தமோ நடப்பில் உள்ளவர் அறங்காவலராகத் தகுதியில்லை. கடையா, பதவியா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கடைதான் சோறு போடுகிறது என்றால் பக்கத்து ஊர்க் கோயிலுக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே உங்களுக்கு வாடகை உறவு எதுவும் இல்லையே.

டைல்ஸ் வேண்டாம். பழைய கல்தளத்தில் கல்வெட்டு இருந்தால் சிமெண்டுக்கு அடியில் போய்விடும். வழவழப்பில் எண்ணெயும் தண்ணீரும் சிந்தி வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். டைல்ஸ் ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரில் ஏற்றும். எந்தக் கட்டுமான உபயத்துக்கும் துறையின் அனுமதி முதலில் வேண்டும். செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகைக்குக் கோயிலில் உடனே தேவைப்படுவது எது என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மழைநீர் வடிகால், மின்கம்பி மாற்றம், பக்தர்களுக்குக் கழிப்பறை என்று பட்டியல் வரும். கொடுக்கும் பணத்துக்கு உபயதாரர் பெயரில் கோயில் ரசீது வாங்குங்கள்; ஒப்பந்தக்காரர் கையில் நேராகக் கொடுக்காதீர்கள்.